விரிவும் மின்கசிவும்: சிறப்புக் கண்ணாடி ஒன்றை வடிவமைத்து உருக்குவது எப்படி

உலோகக் கம்பி ஒன்று கண்ணாடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்த இடத்தில் காற்று கசியக் கூடாது. சூடேறி ஆறும்போது விரிசல் விடக் கூடாது. 250 டிகிரி வெப்பத்தில்கூடப் பக்கத்துக் கம்பிக்கு மின்சாரம் தாவக் கூடாது. விளக்கு, வெற்றிடக் குழாய், ரிலே, உணரி எனப் பல கருவிகளின் ஆயுளை இந்தச் சின்ன இணைப்புதான் தீர்மானிக்கிறது. இதற்கான கண்ணாடியைத் தாளில் வடிவமைத்து, உலையில் உருக்கி, அளந்து, திருத்துவது வரையுள்ள பாதையைப் புதிதாக இத்துறைக்கு வரும் மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு உலையும் நல்ல தராசும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

சிலிக்கேட் கண்ணாடியில் வெப்ப விரிவைக் கூட்டுவதும் மின்சாரத்தைக் கசியவிடுவதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: சோடியம் போன்ற கார உலோக அயனி. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் நகரும். இந்த இரண்டையும் பிரித்துக் கையாளக் கற்றுக்கொள்வதே கண்ணாடி வடிவமைப்பின் பாதி வேலை.

இரண்டு எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

முதலாவது, நீள்விரிவுக் கெழு: ஒரு டிகிரி சூடேறும்போது பொருள் தன் நீளத்தில் எந்தப் பங்கு நீள்கிறது என்பது. தூய சிலிக்கா கண்ணாடிக்கு இது டிகிரிக்கு சுமார் 0.55 × 10⁻⁶. ஆய்வகக் குடுவைகளுக்கான போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு 3.3. ஜன்னல் கண்ணாடிக்கு 9 அல்லது அதற்குச் சற்று மேல். (இனி 10⁻⁶ என்பதை ஒவ்வொரு முறையும் எழுதப்போவதில்லை, 9.9 என்றால் 9.9 × 10⁻⁶ என்று கொள்க.) தூய சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களோடு இறுகப் பின்னிய வலை. அந்த வலைக்குள் சோடியம் ஆக்சைடு நுழைந்ததும் சில பாலங்கள் அறுந்து, வலை தளர்ந்து, சூட்டில் அதிகம் விரிகிறது. உருகும் வெப்பநிலையும் இதே காரணத்தால்தான் இறங்குகிறது.

இரண்டாவது, மின்தடைத்திறன். 250 டிகிரியில் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் மின்தடைத்திறன் சுமார் 25 லட்சம் ஓம்·செ.மீ. போரோசிலிக்கேட்டுக்கு 12 கோடிக்கு மேல். பழைய விளக்குகளின் தண்டில் இருந்த ஈயக் கண்ணாடிக்கோ ஆயிரம் கோடியைத் தாண்டும். ஈயக் கண்ணாடியின் விரிவு சுமார் 9 என்பதைக் கவனியுங்கள். ஜன்னல் கண்ணாடியின் விரிவும் ஏறத்தாழ அவ்வளவுதான். விரிவு ஒன்றுபோல் இருக்க, மின்தடை பல்லாயிரம் மடங்கு வேறுபடுகிறது. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மின்சாரத்தைச் சுமப்பது சோடியம் அயனிதான் என்பதை எமில் வார்பர்க் 1884இல் காட்டிவிட்டார். சோடியம் கலந்த பாதரசத்தை மின்முனையாக வைத்துச் சூடான கண்ணாடிச் சுவரினூடே மின்சாரம் செலுத்தியபோது சோடியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்துபோனது. ஆகவே கண்ணாடியின் மின்தடையை உயர்த்துவது என்றால் அயனியின் வழியை அடைப்பது என்று பொருள்.

வெப்பக் கடத்துதிறனைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. பெரும்பாலான ஆக்சைடு கண்ணாடிகளுக்கு அது மீட்டருக்கு டிகிரிக்கு ஒரு வாட்டைச் சுற்றியே நிற்கிறது, சிலிக்காவுக்கு 1.4, ஈயம் மிகுந்தவற்றுக்கு அதைவிடக் குறைவு. கலவையை மாற்றி இதில் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. உங்கள் நேரத்தை விரிவிலும் மின்தடையிலும் செலவிடுங்கள்.

இலக்கை முதலில் எழுதுங்கள்

எந்த உலோகத்தோடு சேரப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டங்ஸ்டன் 4.5, கோவார் என்ற இரும்பு-நிக்கல்-கோபால்ட் கலவை சுமார் 5, பிளாட்டினம் 9, பாதிக்குப் பாதி நிக்கலும் இரும்பும் கலந்த உலோகம் சுமார் 10. தொடக்க கால மின்விளக்குகளில் விலையைப் பொருட்படுத்தாமல் பிளாட்டினக் கம்பியை வைத்ததற்குக் காரணம், அதன் விரிவு அன்றைய கண்ணாடியோடு ஒத்துப்போனதுதான். நிக்கல்-இரும்புக் கலவைகளின் விரிவை விகிதத்தால் கட்டுப்படுத்தலாம் என்று கண்டறிந்த சார்ல்ஸ் எடுவார்ட் கியோம் 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வின் பலனாகத்தான் பிளாட்டினத்தை விட்டு வெளியே வர முடிந்தது.

நம் எடுத்துக்காட்டுக்கு நிக்கல்-இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் விரிவு 9.5 முதல் 10 வரை இருக்க வேண்டும். 250 டிகிரியில் மின்தடைத்திறன் குறைந்தது 10⁸ ஓம்·செ.மீ. ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணாடிக்குள் இருக்கும் ஈயத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், உருக்குபவரின் நுரையீரலுக்கு விலக்கு கிடையாது. புதிதாகத் தொடங்குபவர் ஈயம் இல்லாமலே தொடங்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. விரிவுக் கெழு என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால் எந்த வெப்பநிலை வீச்சுக்கு என்று கேளுங்கள். கண்ணாடிக்கு வழக்கமாக 20 முதல் 300 டிகிரி வரை. உலோகத்துக்கு 30 முதல் 400 அல்லது 450 வரை கொடுத்திருப்பார்கள். நிக்கல்-இரும்பு வகைகள் காந்தத்தன்மையை இழக்கும் இடத்தில் வளைவு சட்டென்று மேலே திரும்பும். கோவாருக்கு இது 435 டிகிரி அருகே நிகழ்கிறது. கண்ணாடி இறுகிப்போகும் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலை வரை இரண்டும் மொத்தம் எவ்வளவு சுருங்குகின்றன என்பதே கணக்கு. எனவே இரு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம்? கெழு 0.5 அலகு வேறுபட்டு, 450 டிகிரி குளிர்ந்தால் சுருக்கத்தில் பத்து லட்சத்தில் 225 பங்கு வேறுபாடு வரும். கண்ணாடியின் மீள்தன்மை எண் 70 கிகாபாஸ்கல் என்றால், அதிகபட்சமாகச் சுமார் 16 மெகாபாஸ்கல் தகைவு. கீறல் விழுந்த கண்ணாடி நீண்ட நாள் தாங்கும் இழுவிசை பத்து மெகாபாஸ்கல் அளவில்தான் என்பதால், அரை அலகு வேறுபாடே கவலைப்பட வேண்டிய எல்லை. எந்தத் திசையில் வேறுபடுகிறது என்பதும் முக்கியம். கம்பி அதிகம் சுருங்கினால் கண்ணாடியை விட்டு விலகப் பார்க்கும். கண்ணாடி அதிகம் சுருங்கினால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் கண்ணாடியின் சுற்றுவட்டத்தில் இழுவிசை ஏறும்.

தாளில் கலவை போடுதல்

கண்ணாடியின் பண்பை அதன் ஆக்சைடுகளின் பங்கைக் கூட்டிக் கணக்கிடும் முறையை ஓட்டோ ஷாட்டும் விங்கெல்மனும் 1890களில் தொடங்கிவைத்தனர். சோவியத் ஆய்வாளர் ஆப்பென் பின்னர் மோல் சதவீதத்துக்கு ஏற்ற கெழுக்களைத் தந்தார். ஒவ்வொரு ஆக்சைடின் மோல் பின்னத்தையும் அதன் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் விரிவு 10⁻⁷ அலகில் கிடைக்கும். நமக்கு வேண்டியவை: சோடியம் ஆக்சைடு 395, பொட்டாசியம் ஆக்சைடு 465, கால்சியம் ஆக்சைடு 130, பேரியம் ஆக்சைடு 200. சிலிக்காவுக்கு மட்டும் நிலையான எண் இல்லை. 67 முதல் 100 மோல் சதவீதம் வரை, 105இலிருந்து சிலிக்காவின் சதவீதத்தைக் கழித்தால் வருவதே அதன் எண்.

அடிப்படைக் கண்ணாடி: சிலிக்கா 74, சோடியம் ஆக்சைடு 16, கால்சியம் ஆக்சைடு 10 மோல் சதவீதம். சிலிக்காவின் எண் 31. பெருக்கிக் கூட்டினால் 22.9 + 63.2 + 13.0 = 99.1, அதாவது 9.9. விரிவு இலக்குக்குள் வந்துவிட்டது. ஆனால் இது ஏறத்தாழ ஜன்னல் கண்ணாடி. 250 டிகிரியில் சில பத்து லட்சம் ஓம்·செ.மீ. தாண்டாது. நமக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும்.

இங்கே மூன்று வழிகள் திறக்கின்றன.

சோடியத்தைக் குறைப்பது முதல் வழி. மின்தடை ஏறும், ஆனால் விரிவு இறங்கும், உருக்கும் வெப்பநிலை உயரும். தனியாக இது போதாது.

இரண்டாவது வழி, ஒரு கார அயனிக்குப் பதில் இரண்டைச் சம மோல் அளவில் கலப்பது. கலப்புக் கார விளைவு என்று இதைச் சொல்வார்கள். சோடியம் மட்டும் உள்ள கண்ணாடியும் பொட்டாசியம் மட்டும் உள்ள கண்ணாடியும் தனித்தனியே மின்சாரத்தைக் கடத்தும். மொத்தக் காரம் மாறாமல் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் கடத்துதிறன் இரண்டுக்கும் கீழே சரிகிறது. ஒரு வகை அயனி விட்டுச்சென்ற இடம் மற்ற வகைக்குப் பொருந்துவதில்லை. ஒன்று மற்றதன் வழியை அடைக்கிறது. காரம் மிகுந்த கண்ணாடிகளில், அறை வெப்பநிலையில், இந்தச் சரிவு ஆயிரம் மடங்கைத் தாண்டும். வெப்பநிலை ஏறினாலும் மொத்தக் காரம் குறைந்தாலும் விளைவு மங்கும். விரிவோ ஏறத்தாழ நேர்கோட்டில்தான் நகர்கிறது. நாம் தேடிய பிரிப்பு இதில் கிடைக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் வெப்பமானிகளை 100 டிகிரிக்குச் சூடாக்கி மீண்டும் பனிக்கட்டியில் வைத்தால் பூஜ்யம் கீழிறங்கியிருக்கும். சோடியமும் பொட்டாசியமும் ஒன்றாக உள்ள கண்ணாடிகளில் இந்தக் குறை அதிகம் என்று ஜெர்மனியில் வெபர் 1880களில் கண்டறிந்தார். அதன்பிறகு யேனா நகரில் ஷாட் சோடியம் மட்டுமே கொண்ட வெப்பமானிக் கண்ணாடியை உருவாக்கினார். ஆகவே அளவு மாறக் கூடாத கருவிக்குக் கலப்புக் காரம் வேண்டாம். மின்காப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வழி, கால்சியத்தின் ஒரு பகுதியைப் பேரியத்தால் மாற்றுவது. இரட்டை மின்னூட்டம் கொண்ட கனமான பேரியம் அயனி இடத்தைவிட்டு நகராது. கார அயனி செல்லும் வழியில் தடையாக நிற்கும். அதோடு கால்சியத்தைவிட அதன் விரிவு எண் பெரிது. காரத்தைக் குறைத்ததால் இழந்த விரிவைப் பேரியம் திருப்பிக் கொடுக்கிறது.

மூன்றையும் சேர்த்தால்: சிலிக்கா 75, சோடியம் ஆக்சைடு 6, பொட்டாசியம் ஆக்சைடு 6, கால்சியம் ஆக்சைடு 5, பேரியம் ஆக்சைடு 8. சிலிக்காவின் எண் இப்போது 30. கூட்டல்: 22.5 + 23.7 + 27.9 + 6.5 + 16.0 = 96.6. விரிவு 9.7. மொத்தக் காரம் 16இலிருந்து 12 ஆகிவிட்டது, அதுவும் இரண்டாகப் பிரிந்துவிட்டது, விரிவு 0.2 மட்டுமே இறங்கியிருக்கிறது. கணக்கு உண்மையிலிருந்து அரை அலகு விலகக்கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் வேலை உலைக்கு முன் உங்களைச் சரியான தெருவில் நிறுத்துவது. வீட்டை அளவீடுதான் காட்டும்.

அலுமினா சேர்க்கலாமா என்ற கேள்வி உடனே எழும். நீரையும் அமிலத்தையும் தாங்க அது உதவும், படிகமாவதையும் தடுக்கும். ஆனால் சோடியம் உள்ள கண்ணாடியில் அலுமினியம் நான்கு ஆக்சிஜனோடு வலைக்குள் அமர்ந்து, சோடியத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொள்கிறது. அலுமினியமும் சோடியமும் சம அளவை நெருங்க நெருங்க அயனி நகர்வது எளிதாகிறது. மின்காப்பு வேண்டும் என்பவர் ஒன்றிரண்டு மோல் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

போரான் ஆக்சைடு தனிக் கதை. கொஞ்சம் கார ஆக்சைடு சேரும்போது மூன்று ஆக்சிஜனோடு இருந்த போரான் நான்கு ஆக்சிஜனோடு பிணைந்து வலையை இறுக்குகிறது. எனவே காரம் சேரச் சேர விரிவு முதலில் இறங்கிப் பிறகுதான் ஏறுகிறது. விரிவு 5க்குக் கீழே வேண்டும் என்றால் போரான் பக்கம் போக வேண்டும். நம் 9.7க்கு அது தேவையில்லை.

நிறுத்தலும் கலத்தலும்

மோல் சதவீதத்தை எடைக்கு மாற்றினால் 100 கிராம் கண்ணாடிக்குச் சிலிக்கா 64.83, சோடியம் ஆக்சைடு 5.35, பொட்டாசியம் ஆக்சைடு 8.13, கால்சியம் ஆக்சைடு 4.03, பேரியம் ஆக்சைடு 17.65 கிராம். சிலிக்கா தவிர மற்றவற்றைக் கார்பனேட்டாகச் சேர்ப்பதால் நிறுக்க வேண்டியவை: சோடியம் கார்பனேட் 9.15, பொட்டாசியம் கார்பனேட் 11.93, கால்சியம் கார்பனேட் 7.20, பேரியம் கார்பனேட் 22.72 கிராம். மொத்தக் கலவை 115.83 கிராம், 15.83 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். இந்த எண்களை நீங்களே ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகு தராசைத் தொடுங்கள்.

பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 200 டிகிரிக்கு மேல் உலர்த்தி, சூடு ஆறும் வரை உலர்கலத்தில் வைத்திருந்து, வெளியே எடுத்ததும் நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் பொட்டாசியம் குறையும். சம விகிதம் கெடும். பின்னால் மின்தடை ஏன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்று நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கும். பேரியம் கார்பனேட் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. முகக்கவசம், கையுறை, புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம். நுண் சிலிக்காத் தூளுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

உலை

இந்தக் கலவைக்கு 1450 முதல் 1500 டிகிரி வரை வேண்டும். சிலிக்கான் கார்பைடு தண்டுகள் கொண்ட உலைக்கு இது அதன் எல்லை; மாலிப்டினம் டைசிலிசைடு தண்டுகள் இருந்தால் கவலை இல்லை. மூசை, அதாவது உருக்கும் கலம், பிளாட்டினம்-ரோடியமாக இருந்தால் மிக நல்லது. அதில் கரித்தூள், உலோகத் தூள், ஈயம், பாஸ்பரஸ் எதுவும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் படவே கூடாது. பிளாட்டினம் அவற்றோடு கலந்து ஓட்டையாகிவிடும்.

நம் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் அலுமினா மூசைதான் கிடைக்கும். அதில் உருக்கலாம், தவறில்லை. ஆனால் உருகிய கண்ணாடி மூசைச் சுவரைக் கரைத்து அலுமினாவை உள்ளே வாங்கிக்கொள்ளும். எவ்வளவு வாங்கியது என்பதை எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வில் அளந்து, அளந்த கலவையையே அறிக்கையில் எழுதுங்கள். தாளில் போட்ட கலவையைக் கண்ணாடியின் கலவை என்று எழுதிவிடுவது இத்துறையில் அடிக்கடி காணும் குறை. காரம் ஆவியாவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

கலவையை மொத்தமாகக் கொட்டாதீர்கள். 1300 டிகிரியில் மூன்று நான்கு தவணையாகப் போடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் கலவை முதலில் ஓரங்களில் பளபளத்து உருகும், பிறகு நடுவில் நுரைத்து எழும், கரியமில வாயு வெளியேறியதும் தாழ்ந்து அமரும். நுரை அடங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. எல்லாம் போட்டு முடித்ததும் 1450க்கு மேல் ஏற்றி இரண்டு மூன்று மணிநேரம் வைத்திருங்கள். இடையில் ஒரு முறை தண்ணீரில் ஊற்றி உடைத்து, உலர்த்தி, பொடித்து, மீண்டும் உருக்கினால் கலவை நன்கு சீராகும். பேரியம் கனமானது, கிளறாத உருக்கில் அடியில் தங்கும். மேல் பகுதியிலிருந்து வெட்டிய துண்டும் அடியிலிருந்து வெட்டியதும் வேறு வேறு விரிவு காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஊற்றும்போது செயற்கை இழை ஆடை வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். முகத்துக்கு முழுக் கவசம் வேண்டும். 450 டிகிரிக்கு முன்சூடேற்றிய பித்தளை அச்சிலோ கிராஃபைட் அச்சிலோ ஊற்றுங்கள். ஒரு தண்டு, ஒரு தட்டை வில்லை இரண்டும் ஒரே உருக்கிலிருந்து வர வேண்டும். தண்டு விரிவுக்கு, வில்லை மின்தடைக்கு.

ஊற்றியதை உடனே இரண்டாவது உலைக்கு மாற்றுங்கள். அனீலிங் எனப்படும் மெதுவான குளிர்விப்பு இங்கே நடக்கிறது. கண்ணாடியின் பாகுநிலை 10¹² பாஸ்கல்·வினாடி ஆகும் வெப்பநிலையில், நம் கலவைக்குத் தோராயமாக 530 டிகிரி அருகே, ஒரு மணிநேரம் வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறக்குங்கள். ஆறிய தண்டைக் குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு தகடுகளுக்கு) நடுவே பிடித்துப் பாருங்கள். தகைவு மிச்சம் இருந்தால் இருண்ட பின்னணியில் தண்டின் ஓரம் வெளிறித் தெரியும். அதிகம் இருந்தால் நிறங்கள் வரும். முழுவதும் இருட்டாக இருந்தால் வெட்டத் தொடங்கலாம்.

இந்தப் படியைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். விரைந்து குளிர்ந்த கண்ணாடியின் வலை தளர்வாக உறைந்திருக்கும். அதன் மின்கடத்துதிறன் மெதுவாகக் குளிர்ந்ததைவிடக் கூடுதல். இரண்டு கலவைகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே வீதத்தில் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் நீங்கள் ஒப்பிடுவது கலவையை அல்ல, குளிர்வித்த விதத்தை.

விரிவை அளத்தல்

டைலேட்டோமீட்டருக்கு 25 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள தண்டு போதும். இரு முனைகளும் தட்டையாகவும் இணையாகவும் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றுங்கள். கோடு நேராக ஏறி, ஓரிடத்தில் செங்குத்தாகத் திரும்பும். அந்த இரு பகுதிகளின் தொடுகோடுகள் சந்திக்கும் இடமே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. இன்னும் சற்று மேலே போனால் தண்டு தன் எடையையும் தள்ளுகோலின் அழுத்தத்தையும் தாங்காமல் இளகி, கோடு கீழே விழும். அங்கே உலையை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி தாங்கியில் ஒட்டிக்கொண்டால் கருவி பழுதாகும்.

முதல் ஓட்டத்தில் கோடு நிலைமாற்றத்துக்கு முன்பே சற்றுக் கீழே குழிந்தால், தண்டு சரியாக மெதுவாகக் குளிரவில்லை என்று பொருள். மீண்டும் குளிர்வித்து மீண்டும் அளக்க வேண்டும்.

மின்தடையை அளத்தல்

ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வில்லையை வெட்டி மெருகேற்றி, இரு பக்கமும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குத் தங்கம் பூசுங்கள். வெள்ளிப் பசை மலிவு, ஆனால் சூட்டில் நேர்மின்னோட்டம் கொடுத்தால் வெள்ளி அயனி சோடியத்தின் இடத்தைப் பிடித்துக் கண்ணாடிக்குள் இறங்கும். பழுப்பு மஞ்சள் நிறம் அதைக் காட்டிக்கொடுக்கும். மேற்பரப்பில் ஓடும் கசிவைப் பிரிக்கக் காப்பு வளையம் ஒன்று வேண்டும். ஈரம் கண்ணாடி மேல் படலமாகப் படர்வதால், உலர் நைட்ரஜனில், 150 டிகிரிக்கு மேல் அளப்பது நம்பகமானது.

நேர்மின்னோட்டத்தில் அயனிகள் ஒரு முனையில் குவிந்து மின்னோட்டம் வினாடிக்கு வினாடி குறையும். எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் தவிப்பீர்கள். ஆகவே மாறுமின்னோட்டத்தில் பல அலைவெண்களில் அளக்கும் இம்பிடன்ஸ் முறையைப் பயன்படுத்துங்கள். இம்பிடன்ஸின் மெய்ப்பகுதியைக் கிடை அச்சிலும் கற்பனைப்பகுதியைச் செங்குத்து அச்சிலும் வரைந்தால் அரைவட்டம் வரும். அது குறைந்த அலைவெண் பக்கம் கிடை அச்சைத் தொடும் இடமே மின்தடை.

எதிர்பார்க்க வேண்டிய எண்களை முன்பே தெரிந்துகொண்டால் அளவீட்டில் பிழை நேர்ந்தால் உடனே புரியும். நம் வில்லையில், 250 டிகிரியில், அடிப்படைக் கண்ணாடி சுமார் 2.5 லட்சம் ஓம் காட்ட வேண்டும். அதன் மின்தேக்குதிறன் வெறும் 7 பைக்கோஃபாரட் அளவு. எனவே அரைவட்டத்தின் உச்சி 90 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும். மின்தடைத்திறன் 10⁹ ஓம்·செ.மீ.ஆக உயர்ந்தால் மின்தடை 10 கோடி ஓம், உச்சி 230 ஹெர்ட்ஸ் அருகே. 7 பைக்கோஃபாரட் என்பது மிகச் சிறியது. இணைப்பு வயரின் தேக்குதிறனே அதை விழுங்கிவிடும். மாதிரி இல்லாமல் ஒரு முறை அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு வெப்பநிலைகளிலாவது அளந்து, மின்தடைத்திறனின் மடக்கையைத் தனி வெப்பநிலையின் (கெல்வினில்) தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல், அதாவது அயனி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல், கிடைக்கும். பழக ஒரு கணக்கு: சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 250 டிகிரியில் 25 லட்சம், 350 டிகிரியில் ஒன்றேகால் லட்சம் ஓம்·செ.மீ. இருபது மடங்கு இறக்கம். கணக்கிட்டால் 0.84 எலெக்ட்ரான் வோல்ட். புதிய கண்ணாடியில் இந்த எண் உயர்ந்திருந்தால் அயனியின் வழி உண்மையாகவே அடைபட்டிருக்கிறது. மின்தடை ஏறி, கிளர்வு ஆற்றல் மாறாதிருந்தால், மின்முனை சரியாக ஒட்டவில்லையா என்று முதலில் பாருங்கள்.

எதிர்த்திசையில் போக வேண்டுமானால்

சில வேலைகளுக்குக் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அதற்கு அயனியை நம்பாமல் எலெக்ட்ரானை நம்புங்கள். வனேடியம் ஆக்சைடு மிகுந்த பாஸ்பேட், டெல்லுரைட் கண்ணாடிகளில் எலெக்ட்ரான் நான்கு மின்னூட்ட வனேடியத்திலிருந்து ஐந்து மின்னூட்ட வனேடியத்துக்குத் தாவுகிறது. இந்த வகைக் கண்ணாடிகளை டென்டன், ராசன், ஸ்டான்வர்த் மூவரும் 1954இல் அறிவித்தனர். இங்கே கடத்துதிறனை ஆள்வது அந்த இரு வனேடியங்களின் விகிதம். அதாவது உருக்கிய வெப்பநிலையும் உலைக் காற்றில் இருந்த ஆக்சிஜனும். கலவையை மாற்றாமலே கடத்துதிறனை மாற்றலாம். வனேடியம் ஆக்சைடு 700 டிகிரிக்குள் உருகிவிடுவதால் சிறிய உலையே போதும். அதன் தூள் நஞ்சு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கம்பியோடு சேர்த்தல், பிறகு திருத்தல்

உலோகத்தில் கரி இருந்தால் அது கண்ணாடியின் ஆக்சிஜனோடு சேர்ந்து குமிழியாக வெளிவரும். ஆகவே கம்பியை முதலில் ஈர ஹைட்ரஜனில் சூடாக்கிக் கரியை நீக்குவார்கள். பயிற்சி பெற்றவர் மேற்பார்வை இன்றி ஹைட்ரஜனைத் தொடாதீர்கள். பிறகு காற்றில் சற்றுச் சூடாக்கி மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றுவார்கள். கண்ணாடி ஒட்டிக்கொள்வது அந்தப் படலத்தில்தான். படலம் தடித்தால் உதிரும், இல்லாமலே போனால் கண்ணாடி ஒட்டாது.

சேர்ப்பதற்கு முன், கண்ணாடித் துண்டு ஒன்றைச் சேர்க்கும் வெப்பநிலையில் ஒரு மணிநேரம் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு மங்கினால் படிகம் வளர்கிறது. படிகத்தின் விரிவு கண்ணாடியின் விரிவு அல்ல. உங்கள் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. அப்படியானால் அந்த ஒன்றிரண்டு மோல் சதவீத அலுமினாவைச் சேர்க்க வேண்டிய நேரம் இது.

சேர்த்து ஆறிய இணைப்பை மீண்டும் முனைவாக்கியில் பாருங்கள். பிறகு ஹீலியம் கசிவுச் சோதனை.

முதல் உருக்கில் எல்லாம் பொருந்துவது அரிது. விரிவு குறைந்து, மின்தடை போதுமான அளவு இருந்தால், ஒரு மோல் சதவீதம் சிலிக்காவை எடுத்துச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அரை அரை சதவீதம் கூட்டுங்கள். விரிவு சரியாக இருந்து மின்தடை போதாவிட்டால், காரத்தை ஒரு சதவீதம் குறைத்துப் பேரியத்தை இரண்டு சதவீதம் கூட்டுங்கள். சிலிக்கா ஒரு சதவீதம் குறையட்டும். இரண்டும் குறைவு என்றால், முதலில் எக்ஸ் கதிர் ஒளிர்வு முடிவைப் பாருங்கள்: காரம் ஆவியாகி விரிவைக் குறைத்திருக்கலாம், மூசையிலிருந்து வந்த அலுமினா மின்தடையைக் குறைத்திருக்கலாம். ஒரு உருக்குக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு உருக்கிலிருந்தும் ஒரு துண்டைக் கலவை, குளிர்வித்த வீதம், தேதி எழுதிய உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.